மூன்று நாடுகளும் ஒரு தம்பியும்

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுத்தவுடன் திட்டுவது என் வழக்கம். லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா, மனை வேண்டுமா என்று கேட்டுக் கேட்டு என் பொறுமையைத் தின்றுவிட்டார்கள். ஓசூர் சிப்காட்டில் சர்க்யூட் போர்டுகளைச் சோதித்துப் பார்க்கிற வேலை எனக்கு. லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் பூட்டிவிட்டுப் போய், சாப்பாட்டு நேரத்தில்தான் எடுத்துப் பார்க்க முடியும். அந்த அரை மணி நேரத்திலும் யாராவது குறுக்கே வந்து லாபம் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

அன்றைக்கும் அப்படித்தான். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், போன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு எண்.

"வணக்கம் மேடம். ஒரு நல்ல முதலீட்டுத் திட்டத்தைப் பத்திப் பேசலாங்களா?" என்றது தேன் ஒழுகும் குரல்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அதே தேன் குரல், சிரிப்புக் குறையாமல், "அக்கா, நான்தான். போன வெச்சிராத. அழுவாத. பின்னாடி ஒருத்தன் நின்னுக்கினு இருக்கறான், அவனுக்குத் தமிழ் தெரியாது. நான் சிரிச்சிக்கினேதான் பேசணும்" என்றது.

என் தம்பி. தாய்லாந்தில் ஏசி அறையில் உட்கார்ந்து டேட்டா என்ட்ரி வேலை பார்ப்பதாக நாங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த என் ஒரே தம்பி.

"எங்கள வித்துட்டாங்கக்கா. ஆத்தத் தாண்டி இட்டாந்துட்டாங்க. இது பர்மாவாம். இந்த மாதிரி போன் பண்ணி ஜனங்கள ஏமாத்தணும். யாரும் சிக்கலன்னா சோறு கெடையாது, கரண்டு வெக்கறாங்க" என்றான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் 'ஆமாங்க மேடம்', 'ரொம்ப நல்ல லாபங்க மேடம்' என்று சேர்த்துக்கொண்டான். கடைசியாக, "திட்டத்துல சேந்துக்கறேன்னு சொல்லுக்கா. அப்பதான் திரும்ப உனக்குப் போன் பண்ண உடுவாங்க" என்றான்.

"சேர்ந்துக்கறேங்க. நாளைக்கு இதே நேரத்துக்குக் கூப்பிடுங்க" என்று நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டு, பர்மிஷன் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

எங்களுக்கு ஊர் கல்லாவிப் பக்கம். அப்பா மானாவாரியாகக் கேழ்வரகும் கடலையும் போடுகிறவர். தம்பி டிப்ளமோ முடித்து என்னோடு ஓசூரில் வந்து தங்கி, வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்டில் இருந்தான். இந்த ஊரில் ஒரு வருடம் வேலை பார்த்தால் மூன்று மொழி தானாக ஒட்டிக்கொள்ளும். அவன் சூப்பர்வைசரிடம் கன்னடம், மெஷின் பக்கத்தில் நிற்பவனிடம் தெலுங்கு, டீக்கடையில் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசுவான். அதைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்கிறேன். அந்த மூன்று மொழிதான் அவனுக்கு வினையாகிவிட்டது. ஒருவனைப் பிடித்தால் மூன்று மாநிலத்து ஜனங்களை ஏமாற்றலாம் என்றால் எந்தத் திருடன் விடுவான்?

ஸ்டேஷனுக்குப் போகும்போது எனக்குப் பெரிய நம்பிக்கை ஒன்றும் இல்லை. எங்கள் எல்லையைப் பற்றி ஒரு கேலி உண்டு. ஜூஜுவாடியில் லாரி கவிழ்ந்தால் முதலில் டிரைவரைப் பார்க்க மாட்டார்களாம், முன்சக்கரம் தமிழ்நாட்டில் இருக்கிறதா கர்நாடகத்தில் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்களாம். ஒரே ரோட்டின் இரண்டு பக்கத்துக்கே இந்தக் கதி என்றால், கடல் தாண்டி, ஆறு தாண்டி இருக்கிறவனை யார் தேடப்போகிறார்கள்? யானை வாயில் போன கரும்பு என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன்.

அங்கே இருந்த எஸ்.ஐ. ஒரு பெண். என்னைவிட வயதில் சின்னவர். தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. நான் அழுதுகொண்டே கொட்டியதை எல்லாம் கேட்டுவிட்டு, டீ வரவழைத்துக் கையில் கொடுத்தார்.

"பதறாதீங்கக்கா. உங்க தம்பி கெட்டிக்காரரு. அவரு பேசினத முதல்ல இருந்து, அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க. சிரிச்சத கூட விடாதீங்க" என்றார்.

சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் கேட்ட அடுத்த கேள்வி, "நாளைக்கு எங்க உக்காந்து பேசப் போறீங்க?" என்பது. மறுநாள் சாப்பாட்டு நேரத்துக்கு எங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியே, போலீஸ் உடுப்பு இல்லாமல் சேலை கட்டிக்கொண்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். தம்பி கூப்பிட்டான். எஸ்.ஐ. மேடம் துண்டுச் சீட்டில் கேள்வியை எழுதிக் காட்ட, நான் அதை வாடிக்கையாளர் கேட்பது போலக் கேட்டேன். 'உங்க ஆபீஸ் எந்தப் பக்கங்க? பெரிய பில்டிங்கா? எத்தனை மாடிங்க?' அவனும் திட்டத்தை விளக்குகிற மாதிரியே விளக்கினான். ஆற்றங்கரை, சுற்றிலும் முள்கம்பி, வாசலில் துப்பாக்கிக்காரர்கள், மொட்டை மாடியில் சிவப்புத் தண்ணீர்த் தொட்டி.

பணம் கட்டுகிற பேச்சு வந்தபோதெல்லாம் தள்ளிப்போடுவதற்கு ஒரு வழியும் அவரே சொல்லிக்கொடுத்தார். "வீட்டுக்காரர்கிட்ட கேக்கணும்னு சொல்லுங்கக்கா. உலகத்துல எந்தத் திருடனும் அத நம்புவான்." அதை என் கணவரிடம் சொன்னபோது, "என்னைக் கேக்காம கடுகு கூட வாங்குவா, இப்ப மட்டும் நான் வீட்டுக்காரனா?" என்றார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பெரிய சிக்கல் ஏஜெண்ட்தான். தம்பியை அனுப்பியவன். அவன் போன் அணைந்துகிடந்தது, சொன்ன முகவரியில் முடிவெட்டும் கடை இருந்தது, சொன்ன பெயரும் பொய். "அவன் முகம் கிடைச்சா போதும்க்கா, மத்தத நான் பாத்துக்கிடுதேன்" என்றார் மேடம். முகத்துக்கு எங்கே போவது? தம்பியின் போனை அங்கே பிடுங்கிவிட்டார்கள். நான் அந்த ஆளை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதுவும் கறுப்புக் கண்ணாடியோடு.

அப்போதுதான் ஃப்ளெக்ஸ் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் காது குத்தினால் ஃப்ளெக்ஸ், புது டிராக்டர் வாங்கினால் ஃப்ளெக்ஸ். ஒருவன் விமானம் ஏறினால் கேட்கவே வேண்டாம். தம்பி கிளம்பிய வாரம் அவன் கூட்டாளிகள் கல்லாவியில் பஸ் நிற்கிற இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒன்று வைத்தார்கள். 'தாய்லாந்து செல்லும் எங்கள் தங்கமே' என்று நடுவில் தம்பி. மூலையில் வட்டத்துக்குள், 'வழிகாட்டிய அண்ணனுக்கு நன்றி' என்று அந்த ஏஜெண்ட். ஆளைக் கடத்துகிறவனுக்குப் படம் போட்டு நன்றி சொன்ன ஊர் எங்கள் ஊராகத்தான் இருக்கும். படத்தைக் கேட்டபோது அவனே நல்லதாக ஒன்றை, கண்ணாடி இல்லாமல், தலை சீவி எடுத்து அனுப்பியிருக்கிறான் பாருங்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு யாரோ விவரம் தெரிந்தவன் அவனை எச்சரித்திருக்க வேண்டும். பையன்களின் போனிலிருந்து படத்தை அழிக்கச் சொல்லி, பிரிண்ட் போட்ட கடையிலும் சொல்லி அழிக்க வைத்துவிட்டான்.

ஆனால் ஃப்ளெக்ஸ் துணியை எங்கள் ஊரில் யார் தூக்கிப்போடுவார்கள்?

மேடம் என்னோடு கல்லாவிக்கு வந்தார். ஊத்தங்கரையில் பஸ் மாறிப் போகிற தொல்லை வேண்டாம் என்று ஜீப்பிலேயே போனோம். வாசலில் ஜீப் நின்றதும் அப்பாவின் முகம் சுருங்கியது.

"எம் பையன் நல்லா கீறான். மாசா மாசம் பேசிக்கினுதான் கீறான். நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றார்.

நான் போனில் எல்லாம் சொல்லியிருந்தும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அப்பாவைப் பார்த்து எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் கத்த வாயெடுப்பதற்குள் மேடம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஐயா, உங்க பையன் ஒரு தப்பும் பண்ணல. உங்க மேலயும் தப்பு இல்ல. வேலைக்குப் போனவரு திரும்பி வீட்டுக்கு வரணும். அதுக்கு மட்டுந்தான் வந்திருக்கேன்" என்றார்.

அந்த ஃப்ளெக்ஸ் எங்கே என்று நான் கேட்டேன். அப்பா எழுந்து மாட்டுக்கொட்டாயைக் கைகாட்டினார். கூரையில் மழை ஒழுகுகிற இடத்தில் ஃப்ளெக்ஸ் கிடந்தது, எழுத்து உள்பக்கமாக. டிரைவர் ஏறி இழுத்துப் போட்டார். சாணமும் கோழி எச்சமும் காய்ந்துகிடந்ததை மேடம் குடத்துத் தண்ணீரை ஊற்றித் தன் கையாலேயே தேய்த்துக் கழுவினார். வட்டத்துக்குள் தலை சீவிய அந்த முகம் பளிச்சென்று சிரித்தது. அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். அப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை எல்லாம் நான் கண்ணால் பார்க்கவில்லை, மேடம் சொல்லச் சொல்லக் கேட்டதுதான். படம் அங்கிருந்தே எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்து அத்திப்பள்ளி போலீசுக்குப் போனது. எல்லையின் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தார்கள். அங்கே ஒரு ஏட்டு அந்த முகத்தை அடையாளம் கண்டார், எங்கள் ஊர்க் கேலியை என் வாயாலேயே நான் விழுங்கினேன். பெங்களூர் விமான நிலையத்தில் புதிதாக ஒரு கூட்டத்தை வரிசையில் நிற்க வைத்து டாட்டா காட்டிக்கொண்டிருந்தவனைப் பிடித்துவிட்டார்கள். வரிசையில் நின்ற பையன்கள், எங்கள் எதிர்காலத்தைக் கெடுக்கிறீர்களே என்று போலீசாரைத்தான் திட்டினார்களாம். மேடம் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார், "நல்லா திட்டட்டும்க்கா, வீட்ல இருந்து திட்டட்டும்" என்றார்.

ஏஜெண்டின் போனில் எல்லாம் இருந்தது. எந்த ஆற்றங்கரை, எந்தக் கட்டடம், யார் வாங்கியது. ஆனாலும் தம்பி வந்துவிடவில்லை. நான் தினமும் ஸ்டேஷனுக்குப் போய் நிற்பேன், சில நாள் சண்டையும் போடுவேன். ஒருநாள் மேடம் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"இங்க இருந்து நேரா அங்க போக முடியாதுக்கா. நாங்க சென்னைக்குச் சொல்லணும், சென்னை டெல்லிக்கு, டெல்லி அங்க இருக்க நம்ம தூதரகத்துக்கு. அவங்க தாய்லாந்துக்காரங்கிட்டப் பேசணும். தாய்லாந்துக்காரங்க ஆத்துக்கு அந்தப் பக்கம் பேசணும். நடுவுல யாராவது ஒருத்தர் 'இது என் வேலை இல்ல'ன்னு சொன்னா போதும், உங்க தம்பி அங்கதான் இருப்பாரு. இதுவரைக்கும் யாரும் சொல்லல."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாட்களைத் தள்ளினேன். என் தம்பியின் ஜாதகம் தெரியாத, முகம் பார்த்திராத, எங்கள் ஊர் எந்தத் திசை என்றே அறியாத எத்தனையோ பேர் அந்தச் சங்கிலியில் நின்றார்கள். தூதரகத்திலிருந்து ஒருவர் இந்தி வாடை அடிக்கிற தமிழில் எனக்குப் போன் செய்து, "சிஸ்டர், நாங்கள் விட மாட்டோம்" என்றார். எந்த நாட்டுக்காரர் எந்த நாட்டுக்காரரிடம் எப்படிப் பேசினாரோ, ஒருநாள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ராணுவம் அந்தக் கட்டடங்களுக்குள் நுழைந்தது. பல நாட்டுப் பிள்ளைகளைப் பாலத்தில் நடத்திக் கொண்டுவந்து தாய்லாந்துப் பக்கம் ஒப்படைத்தார்கள். நம் அரசாங்கம் விமானம் அனுப்பியது. ஊர் கூடித் தேர் இழுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், மூன்று நாடு கூடி ஒரு கல்லாவிப் பையனை இழுத்ததை இப்போதுதான் பார்த்தேன். சாமிக்குக் கும்பிடு போடும்போது இப்போதெல்லாம் அந்த முகம் தெரியாதவர்களையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

தம்பி வந்தான். வந்தவன் வேறு ஆளாக இருந்தான். விசாரணைக்குக் கூப்பிட்டால் போவான், கேட்டதற்குத் தலையாட்டுவான். வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். யார் போன் அடித்தாலும் உடம்பு தூக்கிப்போடும். எழுந்து குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். வீட்டில் எல்லாரும் மணிச் சத்தத்தை அணைத்து வைத்தோம். "எத்தினி பேர ஏமாத்தினேன் தெரியுமாக்கா" என்று ஒருமுறை கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் திரும்பவும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். மூன்று மொழி பேசிய வாயில் தமிழ் கூட வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மேடம் எங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். அங்கே ஓர் அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக்கார அம்மா, கூடவே அங்கத்து ஏட்டு. அவர் மகனும் அதே கட்டடத்தில் தம்பியோடு இருந்தவன். மீட்டு வந்தவர்களில் அவன் இல்லை. ராணுவம் வருவதற்கு முன்னாலேயே கொஞ்சம் பேரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

"உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க தம்பி. கட்டாயம் இல்ல" என்றார் மேடம்.

மகனைப் பார்த்தாயா, அடித்தார்களா, உயிரோடு இருக்கிறானா என்றெல்லாம் அந்த அம்மா கேட்பார் என்று நான் நினைத்தேன். அவர் எழுந்து வந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நன்ன மக ஊட்டா மாட்தானா?"

என் மகன் சாப்பிடுகிறானா என்று. தாய்க்கு வேறென்ன கேள்வி இருக்கிறது? தம்பி அழுதான், சின்னப் பிள்ளை அழுவது போல வாய்விட்டு. அழுதுகொண்டே கன்னடத்தில் அந்த அம்மாவிடம் சொன்னதை நான் இங்கே தமிழில் சொல்கிறேன். 'பாதிதான் சாப்பிடுவாம்மா. ஆள் சிக்காத நாள்ல எனக்குச் சோறு போட மாட்டாங்க. உன் மகன் தன் தட்டுல பாதிய எனக்கு ஒளிச்சு வெச்சிருப்பான்.'

அந்த அம்மா அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். அழுகை அடங்கியதும் தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும் மேடம். எங்க கொண்டுபோயிருப்பாங்கன்னு தெரியும். யார்கிட்ட சொல்லணும்?"

ஸ்டேஷனிலிருந்தே வீடியோ அழைப்புப் போட ஏற்பாடு செய்தார்கள். அந்த முனையில் நம் தூதரகத்துக்காரரும் தாய்லாந்து போலீஸ் அதிகாரி ஒருவரும் இருந்தார்கள். அவரும் பெண்தான். எடுத்தவுடன் நம்மைப் போலவே இரண்டு கையையும் கூப்பி வணங்கினார், இந்தப் பக்கம் நம் மேடமும் கூப்பினார். அதற்கு முன்னால் அழைப்பு மணி அடித்தபோது தம்பியின் உடம்பு தூக்கிப்போட்டதை நான் பார்த்தேன். ஆனால் அவன் ஓடவில்லை. போனைத் தன் கையிலேயே வாங்கிக்கொண்டான். பழைய கட்டடத்துக்குச் சோறு கொண்டுவருகிற வேன் அடுத்து எந்த வழியாக எங்கே போகும், அங்கே எத்தனை வாசல், எந்த வாசலில் காவல் குறைவு என்று, சாப்பாட்டுப் பாத்திரம் இறக்குவதற்காக அவனை அந்த வேனில் கூட்டிப்போன நாட்களில் பார்த்ததை எல்லாம் சொன்னான். தூதரகத்துக்காரர் ஒவ்வொன்றையும் அந்த அதிகாரிக்கு மொழிபெயர்த்தார். அந்த அதிகாரி பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்டார், அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். அத்திப்பள்ளி ஏட்டு அந்த அம்மாவுக்குக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தச் சின்ன அறையில் எத்தனை மொழி ஓடியது! ஒருவர் கூட இது என் வேலை இல்லை என்று சொல்லவில்லை.

அதன்பிறகு ஒன்றும் தெரியாத நாட்கள் திரும்பவும் வந்தன. தம்பி வீட்டில் எல்லாப் போன்களின் மணிச் சத்தத்தையும் தானே திறந்து வைத்தான். ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அவனுக்கு நடுக்கம் வந்தது, ஒவ்வொரு தடவையும் அவன்தான் போய் எடுத்தான். லோன் வேண்டுமா என்று கேட்டவர்களிடம் கூட மரியாதையாகப் பேசினான். அவர்களைத் திட்ட எனக்கும் இப்போது வாய் வருவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக் கைகழுவுகிற நேரத்தில், வெளிநாட்டு எண் ஒன்று அடித்தது. தம்பி ஈரக் கையோடு ஓடி எடுத்து, தடுமாறி ஸ்பீக்கரில் போட்டான்.

"ஊட்டா ஆய்த்தா?" என்றது ஒரு பையன் குரல். சாப்பிட்டாயா என்று.

"ஆய்த்து... நின்து?" என்றான் தம்பி. ஆச்சு, உனக்கு என்று.

"ஆய்த்தப்பா," என்றது குரல். "பூர்த்தி ஒந்து தட்டு."

எனக்குக் கன்னடம் அரைகுறைதான், ஆனாலும் முழுத் தட்டு என்றது புரிந்தது. தம்பி போனைக் காதோடு சேர்த்துப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.